இணக்கக் கூண்டு

குடும்ப இணக்க மையத்தில் கூண்டைப் பார்க்காமல் யாரும் ஒரு காரியமும் செய்துவிட முடியாது. மனு கொடுக்கிற ஜன்னல் கூண்டுக்கு அந்தப் பக்கம். குடிதண்ணீர்க் குழாய் கூண்டுக்கு அந்தப் பக்கம். அடக்க முடியாமல் கழிவறைக்கு ஓடுகிறவர்கூடக் கூண்டை ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டுதான் ஓட வேண்டும். அந்தக் கழிவறையும் ஒன்றே ஒன்றுதான். ஆண்களுக்கு, பெண்களுக்கு என்று முன்பு இரண்டாக இருந்ததாம். குடும்பங்களைச் சேர்த்துவைக்கிற கட்டடத்தில் இப்படியொரு சுவரா என்று தலைமை ஆலோசகர் அம்மாள் மனம் நொந்து இடித்துப் போட்டுவிட்டார். அன்றிலிருந்து அங்கே வருகிற பெண்கள் தண்ணீர் குடிப்பதை விட்டுவிட்டார்கள்.

நாற்காலிகளை இரண்டிரண்டாக இரும்புப் பட்டை வைத்துப் பற்றவைத்திருந்தார்கள். ஒருவர் கோபித்துக்கொண்டு எழுந்தால் மற்றவர் மல்லாந்து விழுவார். விழுகிறவர் எப்போதும் பெண்ணாகவே இருந்தபடியால் அதை யாரும் குறையாக எழுதிக் கொடுக்கவில்லை.

கூண்டு ஆள் உயரம். கூடத்தின் நட்டநடுவில் நின்றது. உள்ளே வரிவரியாக ஆரஞ்சு மூக்கோடு ஜீப்ரா குருவிகள், பருத்த மூக்கோடு ஜாவாக் குருவிகள், கழுத்தில் கத்தி வைத்த மாதிரி சிவப்புப் பட்டை ஓடுகிற ஒரு வகை. அதோடு ஒரே ஒரு வர்ணக் குருவி: பச்சை முதுகு, மஞ்சள் வயிறு, ஊதா மார்பு. விற்ற கடைக்காரன் எல்லாவற்றையும் பிஞ்ச் என்றுதான் சொன்னான். ஒரே பெயர் என்றால் ஒரே குடும்பம்தானே என்று மையம் கூடிப் பேசி முடிவு செய்து, ஒரே கூண்டில் அடைத்துவிட்டது. மேலே ஒரு பலகை தொங்கியது: ‘நான்கு இனம். ஒரே தட்டு. ஒரே வீடு. உங்களுக்கு என்ன கேடு?’

காஜாக்காரி அந்தப் பலகையை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டுத்தான் ஜன்னலுக்குப் போனாள்.

அவள் தையல் கம்பெனியில் வேலை பார்க்கிறவள். சட்டையில் பொத்தான் நுழைகிற ஓட்டைக்குக் காஜா என்று பெயர். அந்த ஓட்டையைத் தைத்து வெட்டுகிற மிஷினில் உட்காருவாள். துணியை ஊசிக்கு அடியில் நகர்த்திக் கொடுக்கிற ஆள்காட்டி விரல்தான் அந்த வேலைக்கு முதல். அந்த விரலைத்தான் அவள் புருஷன் பின்பக்கமாக மடக்கி உடைத்திருந்தான். அவன் கண்ணாடிக் கடையில் கண்ணாடி அறுக்கிறவன். கேட்ட கேள்விக்கு அவள் பதில் சொல்லத் தாமதமாகிவிட்டதாம். பதில் சொல்லியிருந்தால் எதிர்த்துப் பேசினாள் என்று ஆகியிருக்கும்.

அவளுக்கு வேண்டியது ஒன்றுதான். புருஷனை விட்டுத் தள்ளி இருக்கலாம் என்று மையம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். வேலைக்குப் போகும் பெண்கள் தங்குகிற விடுதியில் ஒரு கட்டில் காலியாக இருந்தது. “மையத்துச் சீட்டு இல்லாம புருஷன் உள்ளவளைச் சேர்த்தா, நாளைக்கு அவன் வந்து என் கதவை உடைப்பான். எனக்குக் கதவு முக்கியம்” என்று விடுதிக்காரி முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டாள். அண்ணனோ, “நீ எப்ப வேணா வா, ஆனா உங்க அண்ணி இல்லாத நேரமாப் பாத்து வா” என்றான். அண்ணி வீட்டை விட்டு எங்கேயும் போகிறவள் இல்லை.

ஜன்னலில் கூண்டதிகாரி உட்கார்ந்திருந்தார். கூண்டும் மனுவும் ஒரே ஆளின் பொறுப்பு.

“விரல்ல என்னம்மா?”

“வீட்டுக்காரர் உடைச்சிட்டார் சார்.”

“உடைச்சாரா, மடக்கினாரா?”

“மடக்கினார். உடைஞ்சுது.”

“அப்படிச் சொல்லு. மடக்கினது அவர். உடைஞ்சது விரல். அவர் மேல பாதிதான் வருது.” எழுதிக்கொண்டார். “மத்த விரல் எல்லாம்?”

“நல்லா இருக்கு சார்.”

“பத்துக்கு ஒன்பது! இந்த மையத்துல இவ்வளவு மார்க் வாங்கின குடும்பம் கம்மிம்மா.”

“எனக்குத் தனியா இருக்க ஒரு…”

கூண்டதிகாரி எழுந்து நின்றே விட்டார். “ஷ்! அந்த வார்த்தையை இங்க சொல்லாதே. குருவிங்க காதுல விழும்.”

மையத்தின் முறை இப்படி. புருஷனும் பெண்டாட்டியும் வாரத்துக்கு ஒருநாள் வந்து கூண்டின் முன்னால் உட்கார வேண்டும். பார்த்து முடித்ததும் என்ன கற்றுக்கொண்டோம் என்று எழுந்து நின்று சொல்ல வேண்டும். நல்ல பதில் வருகிறவரை இது நடக்கும். அதுவரை இருவரும் ஒரே வீட்டில்தான் இருந்தாக வேண்டும். வீட்டில் அடி விழுந்தால் அடுத்த வாரம் வந்து குருவிகளை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும்.

முதல் அமர்வில் காஜாக்காரிக்குப் பக்கத்து ஜோடி நாற்காலியில் ரொட்டிக்கடையில் மாவு பிசைகிற ஒருத்தி இருந்தாள். அவளோடு ஒட்டிய நாற்காலியில் ஆள் இல்லை. ஒரு ஆண் சட்டை மடித்து வைத்திருந்தது.

“வீட்டுக்காரர் வரலியாக்கா?”

“அதான் வந்திருக்காரே” என்று ரொட்டிக்காரி சட்டையைக் காட்டினாள். “ஆள் வரலன்னா சட்டையாவது வரணும். சட்டம். எனக்கென்னவோ இதோடயே குடும்பம் நடத்திடலாம்போல இருக்கு. கை இருக்கு, உள்ள எலும்பு இல்ல.”

காஜாக்காரிக்குச் சிரிப்பு வந்தது. இந்தப் பக்கம் புருஷன் உட்கார்ந்திருந்ததால் அதை விழுங்கிக்கொண்டாள். “ரொம்ப நாளா வர்றீங்களா?”

“இந்த ஜாவாக் குருவிக்கு முன்னாடி இருந்த ஜாவாக் குருவி, அதுக்கும் முன்னாடி இருந்தது காலத்துலேருந்து.”

“அதெல்லாம் செத்துப் போச்சா?”

“செத்துப் போச்சுன்னு சொல்லாதே. அபராதம் போடுவாங்க. ‘நிறைவு’ன்னு சொல்லணும். கடைசி வரைக்கும் கூண்டுலயே இருந்துச்சுல்ல? பிரியலைல்ல? நிறைவு.”

அதற்குள் தலைமை ஆலோசகர் அம்மாள் கையில் ஒரு நீளக் குச்சியோடு வந்துவிட்டார். குச்சி குருவிகளைச் சுட்டிக்காட்ட.

“எல்லாரும் நல்லாப் பாருங்க. நாலு இனம், ஒரே தட்டுல சாப்பிடுது. கடுகளவு மூளை இருக்கற குருவிக்கு முடியறது உங்களுக்கு ஏன் முடியல? என்னையே எடுத்துக்குங்க. கல்யாணம் ஆன நாள்லேருந்து நானும் எங்க வீட்டுக்காரரும் ஒரு சண்டை போட்டதில்ல. அவர் கப்பல்ல வேலை பாக்கறார். லீவுல வந்தாலும் அவங்க அம்மா வீட்டுலதான் தங்குவார். முகம் பாத்தே பல வருஷம் ஆச்சு. அப்படி ஒரு ஒத்துமை!”

எல்லோரும் கைதட்டினார்கள். சட்டை தட்டவில்லை.

காஜாக்காரி தட்டின் பக்கம் பார்க்கவில்லை. தண்ணீர்க் கிண்ணத்துக்குப் பின்னால் வர்ணக் குருவி ஒடுங்கிக் கிடந்தது. தலை மொட்டை. முதுகில் பாதி மொட்டை. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஜீப்ரா ஒன்று பறந்து வந்து, மிச்சமிருந்த பச்சை இறகில் ஒன்றைப் பிடுங்கிக்கொண்டு மூலையில் தொங்கிய கூடைக்குள் போனது. கூடு முழுக்கப் பச்சையும் மஞ்சளுமாக மெத்தை போட்டிருந்தது.

“மேடம், அது ஒண்ணுக்கு மட்டும் ஏன் தலையில இறகே இல்ல?”

அம்மாளின் கண் கலங்கிவிட்டது. கேட்க வேண்டிய கேள்வியைக் கடைசியில் ஒருத்தி கேட்டுவிட்டாள் என்கிற மாதிரி.

“பாத்தீங்களா? தன் இறகைக் குடுத்து இன்னொருத்தர் வீட்டைக் கதகதப்பா ஆக்குது. இது இல்லன்னா அந்த வீடே இல்ல. ஒரு நாளாவது கத்திச்சா? மனு குடுத்துச்சா?”

“அது கத்த முடியாமக் கிடக்கு மேடம்.”

“அதுதாம்மா பக்குவம்.”

பிறகு, கற்றதைச் சொல்கிற நேரம். கண்ணாடிக்காரன் எழுந்தான். ஒட்டிய நாற்காலி ஆடியதில் காஜாக்காரி ஒருபக்கமாகச் சரிந்தாள்.

“மேடம், இவ்வளவு நாள் நான் கண்ணு தெரியாம இருந்துட்டேன்” என்றான். அவன் குரல் தழுதழுத்தது. “அந்த வரிக் குருவியைப் பாத்ததும் என்னையே பாத்த மாதிரி இருந்துச்சு. வீட்டுக்காக எப்படிப் பாடுபடுது! ஒவ்வொரு இறகாப் பொறுக்கி… அதோட கஷ்டம் யாருக்குத் தெரியும்?”

அம்மாள் தன் கைக்குட்டையையே எடுத்துக் கொடுத்தார். கூடத்தில் இருந்த புருஷன்மார்கள் எல்லோரும் மூக்கை உறிஞ்சினார்கள்.

“நீ என்னம்மா கத்துக்கிட்டே?”

“அந்த மொட்டையை வெளிய எடுத்து வெச்சா பொழைச்சுக்கும்னு தோணுது மேடம்.”

‘இன்னும் கற்கவில்லை’ என்று கூண்டதிகாரி எழுதிக்கொண்டார்.

வீட்டுக்குப் போகும்போது பஸ்ஸில் கண்ணாடிக்காரன் அவள் தலையைத் தடவிக்கொண்டே வந்தான். பார்க்கிறவர்களுக்குப் பாசம்போல இருந்தது. “மொட்டைக்கு ரொம்பப் பரிதாபப்படறியே, உனக்கு யாராவது மொட்டை போட்டாங்களாடி?” என்று காதோரம் கேட்டான். இறங்கும்போது அவன் கைவிரல்களில் அவள் தலைமுடி கொஞ்சம் சுற்றியிருந்தது.

வாரங்கள் போயின. மையத்தில் கண்ணாடிக்காரனுக்கு மவுசு ஏறிக்கொண்டே போனது. புது ஜோடிகள் வந்தால் அவனைத்தான் எழுப்பிப் பேசச் சொல்வார்கள். ஒருநாள் அம்மாள் பேசிக்கொண்டிருக்கும்போது கூண்டில் ஒரே களேபரம். ஜாவாக் குருவி யாரையோ மூக்கால் அடிக்கிற சத்தம் டொக் டொக் என்று கேட்டது. ‘ஒற்றுமை’ என்கிற வார்த்தையை அம்மாள் மூன்று தடவை ஆரம்பித்து மூன்று தடவையும் விட்டுவிட்டார்.

கண்ணாடிக்காரன் கையைத் தூக்கினான். “மேடம், இந்தக் கம்பி வலையை எடுத்துட்டுச் சுத்திக் கண்ணாடி போட்டுடலாம். மேல மட்டும் காத்துக்கு ஓட்டை விட்டுக்கலாம். உள்ள நடக்கறது எல்லாம் நல்லாத் தெரியும். ஒண்ணும் கேக்காது.”

அம்மாள் அப்படியே நின்றுவிட்டார். “இந்த மையம் ஆரம்பிச்ச நாள்லேருந்து நாங்க தேடினது இதைத்தான்” என்றார்.

மேலிடத்திலிருந்து ஆணையர் பார்வையிட வருவதாக அப்போதே சேதி வந்திருந்தது. அதற்குள் வேலை முடிய வேண்டும். கண்ணாடிக்காரன் பின்கட்டு அறையிலேயே தங்கி, கண்ணாடி அறுத்து, ஓரம் தேய்த்து, இடுக்குகளில் மக்குப் பசை அப்பி வேலை பார்க்க ஏற்பாடாயிற்று. அப்படியானால் புருஷன் ஒரு இடம் பெண்டாட்டி ஒரு இடம் ஆகிவிடாதா என்று காஜாக்காரியே பயந்துபோய்க் கேட்டாள். கணவன் மையத்தில் தூங்குவது வீட்டில் தூங்குவதற்குச் சமம் என்று கூண்டதிகாரி விளக்கம் கொடுத்தார். விளக்கம் கேட்ட முதல் ராத்திரி அவள் காலை நீட்டிப் படுத்தாள்.

புருஷனுக்கு மாற்றுத் துணி கொடுக்க ஒருநாள் காலை, மையம் திறக்கும் முன்பே போனாள். கூண்டதிகாரி ஒரு காகிதப் பையோடு கூண்டருகே நின்றார். பையிலிருந்து உயிரோடு இரண்டு குருவிகளை உள்ளே விட்டார். கூண்டின் தரையிலிருந்து இரண்டை எடுத்துப் பையில் போட்டார். அவை அசையவில்லை.

“தினமுமா சார்?”

“அனேகமா தினமும். ரெண்டு போனா ரெண்டு வரும். எண்ணிக்கை குறையறதில்ல. எண்ணிக்கை குறையலன்னா பிரிவு நடக்கலன்னு அர்த்தம்.” பையை மடித்தார். “உனக்குப் புரியாதும்மா. இது நிர்வாகம்.”

அவள் திரும்பியபோது பின்சுவர் கண்ணில் பட்டது. கூட்டம் இருக்கும்போது அந்தச் சுவர் தெரியாது. ‘கடைசிவரை பிரியாதவர்கள்’ என்று மேலே எழுதி, கீழே வரிசையாகப் பெண்களின் படங்கள். ஒவ்வொரு படத்துக்கும் பக்கத்தில் புருஷன் நற்சான்றிதழைப் பிடித்துக்கொண்டு நிற்கிற படம். கடைசிப் படம் புதுசு. ரொட்டிக்காரி. பக்கத்தில் நின்ற ஆளை காஜாக்காரி பார்த்ததில்லை. ஆனால் அவன் போட்டிருந்த சட்டை அவளுக்கு அடையாளம் தெரிந்தது.

“இந்த அக்கா…?”

“போன வாரம் நிறைவு. மாடிப்படியில விழுந்துட்டாங்க” என்றார் கூண்டதிகாரி.

“அவங்க வீட்டுல மாடி கிடையாதே சார்.”

“அதனாலதான் அவ்வளவு பலமா அடிபட்டிருக்கு.”

சுவரில் ரொட்டிக்காரிக்கு அப்புறம் நிறைய இடம் காலியாக இருந்தது. ஆணிகூட அடித்து வைத்திருந்தார்கள்.

கூண்டதிகாரி தன் கவலையில் இருந்தார். “எல்லாம் மாத்திட்டேன். இந்த மொட்டையை மட்டும் ஒண்ணும் பண்ண முடியல. சாகவும் மாட்டேங்குது. ஆணையர் வர்ற நேரத்துல இப்படி நிக்குது பாரு, உரிச்ச கோழி மாதிரி.”

“நான் கொண்டுபோகட்டுமா சார்?”

“கூண்டை விட்டு ஒரு குருவி வெளிய போறதா? இந்த மையத்துல அப்படி ஒண்ணு நடந்ததே இல்ல.” சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு வர்ணக் குருவியைப் பிடித்து வேறொரு பையில் போட்டு அவளிடம் நீட்டினார். “குப்பை போகலாம். போறப்ப இந்தக் குப்பையை எடுத்துட்டுப் போம்மா.”

பொத்தான் வருகிற அட்டைப்பெட்டி ஒன்றில் ஓட்டை போட்டு, காஜாக்காரி அதைத் தன் மிஷினுக்கு அடியில் வைத்துக்கொண்டாள். தினை போட்டாள். பக்கத்து மிஷின்காரிகள் ஆளுக்குக் கொஞ்சம் கொண்டுவந்தார்கள். ஒருநாள் சூப்பர்வைசர் வந்து நின்றார்.

“பெட்டிக்குள்ள என்ன?”

“பொத்தான் சார்.”

“பொத்தான் கத்துது?”

“புது மாடல் சார்.”

“கலர் சாயம் போகாம இருந்தாச் சரி” என்று போய்விட்டார்.

மொட்டைத் தலையில் முதலில் முள் குத்தினமாதிரி முளைத்தது. முள் பிளந்து இறகு வந்தது. பச்சை வந்தது, பிறகு மஞ்சள். பெட்டியைத் திறந்தால் தாவி அவள் ஆள்காட்டி விரலில் உட்காரும். அந்த விரலில் அப்போது கட்டு இல்லை. எலும்பு கூடிவிட்டது. காஜா மறுபடி நேர்கோட்டில் விழ ஆரம்பித்தது. வீட்டில் பசித்தபோது சாப்பிட்டாள். கதவுச் சத்தம் கேட்டால் மட்டும் உடம்பு தூக்கிப்போட்டது. அதுவும் நாளாக நாளாகக் குறைந்தது.

அவளுக்கு ஒரு நம்பிக்கை பிறந்தது. வாயால் சொன்னால் நம்ப மாட்டார்கள், கண்ணால் காட்டினால் நம்புவார்கள் என்று நினைத்தாள். தள்ளி வைத்தாள், குருவி தேறியது. தள்ளி இருந்தான், விரல் தேறியது. இதைவிட என்ன வேண்டும்? குருவியையும் விரலையும் எடுத்துக்கொண்டு ஆணையர் வருகிற நாளில் மையத்துக்குப் போனாள். அவள் செய்ததிலேயே பெரிய முட்டாள்தனம் அது.

புதுக் கண்ணாடிக் கூண்டு பளபளவென்று நின்றது. ஆணையர் பேசிக்கொண்டிருந்தார். “நம் துறையில் பிரிவு விகிதம் பூஜ்யம் என்பதைப் பெருமையோடு சொல்லிக்கொள்கிறேன். எலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் சேர்ந்த பெண்கள்கூடக் கணவன் வீட்டு விலாசம் கொடுத்துத்தான் சேர்ந்திருக்கிறார்கள். இதுவல்லவோ பண்பாடு!” பிறகு பின்சுவரைப் பார்த்தவர் முகம் சுருங்கியது. “என்ன இது, இவ்வளவு இடம் காலி? பக்கத்து மையத்தில் ஒரு சுவர் நிரம்பி அடுத்த சுவரில் ஆணி அடிக்கிறார்கள். உங்களுக்கு மட்டும் ஏன் நிறைவு இவ்வளவு குறைச்சல்?”

அம்மாள் கூண்டதிகாரியைப் பார்த்தார். கூண்டதிகாரி தரையைப் பார்த்தார். அந்த நேரம் பார்த்துத்தான் காஜாக்காரி எழுந்தாள்.

“ஐயா, இந்தக் குருவி இந்தக் கூண்டுல மொட்டையாக் கிடந்துச்சு. தனியா வெச்சேன். இறகு முளைச்சிடுச்சு. என் விரலும் அப்படித்தான். தனியா இருந்தேன். ஆறிடுச்சு.”

அந்த வார்த்தையை இரண்டு தடவை சொல்லிவிட்டாள். ஆணையர் மெதுவாக இறங்கி வந்து குருவியைப் பார்த்தார். விரலைப் பார்த்தார்.

“முழுசா ஆறிடுச்சா?”

“முழுசா ஆறிடுச்சுங்க ஐயா.”

“வலி?”

“துளிகூட இல்லீங்க.”

“அப்புறம் என்ன புகார்? விரல் உடைஞ்சதுக்குத்தானே மனு? விரல்தான் நல்லா இருக்கே!” ஆணையர் கூட்டத்தின் பக்கம் திரும்பினார். “பார்த்தீர்களா! குருவியும் தயார். குடும்பமும் தயார்!”

அம்மாள் பிடித்துக்கொண்டார். “ஆமாங்க ஐயா. புது இறகோட திரும்பி வந்திருக்கு. கூடு கட்டறதுக்கு எவ்வளவு உபயோகம்! அந்தப் பொண்ணு கையாலயே உள்ள விடட்டும். அப்படியே அவளும் வீட்டுக்குப் போகட்டும்.”

கண்ணாடிக்காரன் முன்வரிசையில் எழுந்து நின்று கைதட்டினான். தட்டிக்கொண்டே அவள் விரலைப் பார்த்தான்.

காஜாக்காரி பெட்டியை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். “விட மாட்டேன்” என்றாள். யாருக்கும் கேட்கவில்லை. பக்கத்தில் வந்த கூண்டதிகாரிக்கு மட்டும் கேட்டது.

“உள்ள விடும்மா” என்று அவர் காதோரம் சொன்னார். “உனக்கு ஒரு வழி வெச்சிருக்கேன். இங்க பிரிவு கிடையாது. நிறைவு உண்டு. சுவத்துல இடம் இருக்கு. ஆணையர் கேக்கறார். உன்னை இன்னிக்குத் தேதிக்கு நிறைவுல சேர்த்துடறேன். அப்புறம் நீ எங்க வேணா இரு, எவன் கேக்கப் போறான்? போன ஆளுக்குப் புருஷன் ஏது?”

“இதை விடலன்னா?”

“விடலன்னா நீ உயிரோடதான் இருக்கணும். அவரோட.”

காஜாக்காரி அவரைப் பார்த்தாள். புருஷனைப் பார்த்தாள். சுவரில் ரொட்டிக்காரியைப் பார்த்தாள். பிறகு பெட்டியைத் திறந்தாள். குருவி வழக்கம்போலத் தாவி விரலில் உட்கார்ந்தது. கண்ணாடிக் கதவுக்குள் கையை நீட்டினாள். அது இறங்கவில்லை. காலால் விரலை இறுக்கிக்கொண்டது. இன்னொரு கையால் ஒவ்வொரு நகமாகப் பிரித்து எடுத்து உள்ளே தள்ளிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

புது இறகு என்பதால் எல்லோருக்கும் அது வேண்டியிருந்தது. ஜீப்ராக்கள் முதலில் வந்தன. ஜாவா பிறகு வந்தது. கண்ணாடி நல்ல வேலைப்பாடு. எல்லாம் தெரிந்தது, ஒன்றும் கேட்கவில்லை. ஆணையர் மேடைக்குத் திரும்பி, மனிதகுலத்தின் வருங்காலம் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போது வர்ணக் குருவி நிறைவடைந்தது. கைதட்டல் வெகு நேரம் அடங்கவில்லை.

கூண்டதிகாரி சொன்ன சொல் தவறுகிறவர் இல்லை. அன்று சாயங்காலமே பின்கட்டு அறையில் கண்ணாடிக்காரனை உட்காரவைத்து விஷயத்தைச் சொன்னார். காஜாக்காரி வாசல் பக்கம் நின்றாள்.

“எப்போ போனா சார்?” என்றான் கண்ணாடிக்காரன்.

“இன்னிக்கு மத்தியானம்.”

“என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல பாருங்க.” கண்ணைத் துடைத்துக்கொண்டான். “தங்கமானவ சார். எதிர்த்து ஒரு வார்த்தை பேச மாட்டா. பேசினா மட்டும்தான் எனக்குக் கோபம் வரும்.” அவளைப் பார்க்காமலே கேட்டான். “நற்சான்றிதழ் எனக்குத்தானே வரும்?”

“உங்களுக்குத்தான். கடைசிவரை பிரியாதவர்னு மேடையிலயே குடுப்பாங்க. மையத்துலயே கண்ணாடி ஆலோசகர் வேலையும் போட்டுத் தரதா மேடம் சொன்னாங்க.”

“இனிமே எனக்கு யார் சார் இருக்கா?”

“கவலைப்படாதீங்க. இவ்வளவு நல்ல பேர் உள்ளவருக்கு மையமே ஒரு பொண்ணு பாத்து வைக்கும்.”

மறுநாள் விடுதிக்காரி நிறைவுச் சீட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். “நல்லதாப் போச்சு. போனவங்கன்னா எனக்குத் தொந்தரவு இல்ல. புருஷன் தேடி வர மாட்டான், கதவு பொழைக்கும். இங்க பாதிப் பேர் உன்னை மாதிரிதான். போய்ப் பாய் விரி.” தையல் கம்பெனி சூப்பர்வைசரும் பெரிய மனசு பண்ணினார். “செத்தா என்ன, கை வேலை செய்யுதுல்ல?”

ஒரே ஒரு நிபந்தனை. வருஷத்துக்கு ஒருமுறை மையத்துக்கு நேரில் வந்து, இன்னும் நிறைவாகத்தான் இருக்கிறேன் என்று காட்டிச் சீட்டில் முத்திரை வாங்கிக்கொள்ள வேண்டும்.

வருஷம் கழித்துப் போனாள். கூண்டதிகாரி அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

“எதாவது மாறுதல் உண்டாம்மா?”

“இல்ல சார். அப்படியேதான் இருக்கேன்.”

முத்திரை குத்தினார். “சீக்கிரம் கிளம்பு. உன் படம் மாட்டியிருக்கு. பாக்கறவங்க குழம்புவாங்க.”

சுவர் ஏறக்குறைய நிரம்பிவிட்டது. காஜாக்காரி கூண்டைச் சுற்றிக்கொண்டு வெளியே வரும்போது முன்வரிசை ஜோடி நாற்காலியில் ஒரு சின்னப் பெண் உட்கார்ந்திருந்தாள். ஒட்டிய நாற்காலியில் ஒரு சட்டை. அந்தச் சட்டைக்கு எடுத்த காஜா தன் கையால் எடுத்தது என்று காஜாக்காரிக்குத் தெரிந்தது. பெண்ணின் ஆள்காட்டி விரலில் புதுக் கட்டு.

அந்தப் பெண் இவள் முகத்தைப் பார்த்தாள். திரும்பிச் சுவரைப் பார்த்தாள். மறுபடி இவளைப் பார்த்தாள்.

“அக்கா, அந்தப் படத்துல இருக்கறது நீங்கதானே?”

“ஆமா.”

“உங்களைப் பத்தி அவர் தினமும் சொல்வாருக்கா. நீங்க எவ்வளவு நல்லவங்கன்னு சொல்வாரு. சொல்லிட்டுத்தான் அடிப்பாரு.” குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “நீங்க செத்துட்டீங்கன்னாரே.”

“செத்துட்டேம்மா.”

பெண் கட்டுப் போட்ட விரலை இன்னொரு கையால் பொத்திக்கொண்டாள். குருவிகள் காதில் விழுந்துவிடக் கூடாது என்பதுபோல நாற்காலியில் முன்னால் சாய்ந்து, மெல்லக் கேட்டாள்.

“வலிச்சுதாக்கா?”

கண்ணாடிக்குள், தண்ணீர்க் கிண்ணத்துக்குப் பின்னால், புதிதாக வாங்கிவிட்டிருந்த வர்ணக் குருவி ஒன்று ஒடுங்கியிருந்தது. தலையில் ஒரு காசு அளவுக்குத்தான் மொட்டை விழுந்திருந்தது. காஜாக்காரி அதைப் பார்த்தாள். பிறகு அந்தப் பெண்ணைப் பார்த்தாள்.

“எனக்கு வலிக்கல” என்றாள்.